நாய்க்குட்டியைக் கயிற்றில் நடக்கப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் யாராவது நாய்க்குட்டி வாங்கினால், இரண்டாவது வாரம் எனக்கு அழைப்பு வந்துவிடும். "கயிற்றைக் கட்டினால் அசையவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். இல்லையென்றால், "கயிற்றைக் கட்டினால் என்னையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது" என்பார்கள். நான்கு நாய்களைக் குட்டியிலிருந்து வளர்த்திருக்கிறேன். மற்றவர்களின் குட்டிகளைப் பழக்கவும் கூட நின்றிருக்கிறேன். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயங்களில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். குட்டி நடக்கும்போது கயிறு மாலை போல வளைந்து தொங்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தத் தொய்வைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

குட்டிக்கு எத்தனை வாரம் ஆனால் கயிறு கட்டலாம்?

தாயிடமிருந்து 8 வாரத்துக்கு முன்னால் குட்டியைப் பிரிக்கக்கூடாது. அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு மூன்று நாள் இடம் பழகி, ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்க ஆரம்பித்ததும் தொடங்கலாம். தொடங்குவது என்றால் தெருவில் நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சில வாரங்களுக்குப் பள்ளிக்கூடம் வீட்டுக்குள்தான்.

"கொஞ்சம் பெரிதாகட்டும்" என்று தள்ளிப்போடுவது நல்லதில்லை. ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை குட்டி புதிய பொருளையும் சத்தத்தையும் ஆட்களையும் எளிதாக ஏற்றுக்கொள்ளும். அந்த வயதில் அறிமுகமான கயிறு அதற்குச் சாப்பாட்டுத் தட்டைப் போல இயல்பான ஒன்றாகிவிடும். ஆறு மாதம் கழித்து முதல்முறை கட்டினாலும் பழகும், ஆனால் உங்களுக்கும் அதற்கும் உழைப்பு அதிகம்.

தடுப்பூசி இன்னும் முடியவில்லை. அதுவரை வெளியே கொண்டுபோகவே கூடாதா?

குட்டிக்கான தடுப்பூசிகள் வழக்கமாக 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் போடப்பட்டு, 16 வாரம் அல்லது அதற்குச் சற்றுப் பிறகு முடியும். அதற்குமுன் மற்ற நாய்கள் மலம் கழிக்கும் இடங்களில் குட்டியைத் தரையில் விடாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் வீரியத்தோடு கிடக்கும். குட்டிகளுக்கு அது உயிரையே பறிக்கிற நோய்.

ஆனால் கதவைச் சாத்தி வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், மேலே சொன்ன அந்த நல்ல வயது கடந்துபோய்விடும். எனவே கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். வண்டிச் சத்தம், குடை பிடித்தவர், ஓடும் குழந்தை, சைக்கிள் எல்லாவற்றையும் உங்கள் நெஞ்சோடு ஒட்டியபடி அது பார்க்கட்டும். தடுப்பூசி போட்ட, உங்களுக்குத் தெரிந்த நாய் இருக்கும் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் விடலாம். எந்த நாளிலிருந்து தெருவில் காலை வைக்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

கழுத்துப் பட்டை நல்லதா, ஹார்னஸ் நல்லதா?

இரண்டும் வேண்டும், வேலைதான் வேறு. பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த வில்லையை மாட்ட மெல்லிய கழுத்துப் பட்டை. கயிற்றைக் கோக்க, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ். பழகாத குட்டி கட்டாயம் பாயும். அந்த இழுப்பு தொண்டையில் விழுவதைவிட மார்பில் விழுவது மேல். பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய இனங்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருக்க வாய்ப்பு உண்டு. பக் மாதிரி தட்டை முகம் கொண்டவற்றுக்கு மூச்சு விடுவதே சிரமம். கழுத்து அழுந்தினால் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் கூடும். இந்த வகைக் குட்டிகளுக்குக் கழுத்தில் கயிறு மாட்டவே வேண்டாம் என்பேன்.

முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஆங்கில ஒய் எழுத்தைப் போல இருக்கிற ஹார்னஸ் தோள்களை அசைய விடும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரே பட்டையாகப் போகிறது தோளைத் தடுக்கும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர்கிற வேகத்துக்கு வாரம் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கயிறு ஒன்றரை மீட்டர் அளவில், எடை குறைந்ததாக இருக்கட்டும். கொக்கியும் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய நாய்க்கான கொக்கி நடக்கும்போது குட்டியின் உடம்பில் இடித்துக்கொண்டே வரும். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் கயிறு இந்தக் கட்டத்தில் வேண்டாம். அதில் எப்போதும் ஒரு இழுவிசை இருப்பதால், இழுத்தால்தான் தூரம் கிடைக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். கையிலிருந்து பிடி நழுவினால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி தடதடவென்று குட்டியின் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடும். அப்படி ஒருமுறை மிரண்ட குட்டி கயிற்றைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும். இறுக்கும் சங்கிலி, முள் வைத்த பட்டை இரண்டையும் குட்டிக்கு மட்டுமல்ல, எந்த நாய்க்கும் நான் மாட்டமாட்டேன்.

பட்டையைப் போட்டதும் தரையில் புரள்கிறது, விடாமல் சொறிகிறது. பாவமாக இருக்கிறது, கழற்றிவிடட்டுமா?

முதலில் முடி சிக்கியிருக்கிறதா, இறுக்கமா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், புதிதாக ஏதோ உடம்பில் இருக்கிறது என்கிற உறுத்தல்தான். சாப்பாடு வைப்பதற்குச் சற்றுமுன் மாட்டுங்கள். தட்டில் கவனம் போனதும் பட்டை மறந்துபோகும். சாப்பிட்டு முடித்து அமைதியாக நிற்கும்போது கழற்றுங்கள். முதல் நாள் 5 நிமிடம், அப்புறம் 10, அப்புறம் அரை மணி நேரம்.

ஹார்னஸைத் தலை வழியாக மாட்டுவதைப் பல குட்டிகள் வெறுக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வளையத்தின் இந்தப் பக்கம் குட்டி, அந்தப் பக்கம் உங்கள் கையில் தீனி. தலையை அதுவாகவே நுழைக்கட்டும். கொக்கி பூட்டும் 'கிளிக்' சத்தத்துக்கும் தனியாகப் பழக்குங்கள்: கையில் வைத்துக் கிளிக் செய்யுங்கள், உடனே ஒரு தீனி. உறைந்து நின்றாலோ, நடுங்கினாலோ, வாயைத் திறந்து இளைத்தாலோ உடனே கழற்றிவிட்டு, அன்றைக்குப் பட்டையை மோந்து பார்க்க மட்டும் விடுங்கள்.

சரி, கயிற்றையும் கோத்துவிட்டேன். இனி என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். கயிறு தரையில் இழுபடட்டும், குட்டி அதன்போக்கில் திரியட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். மேசைக் காலில் சுற்றிக்கொள்ளும், மாட்டிக்கொண்டு பயப்படும். கயிற்றோடு குட்டியை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது.

மறுநாள் கயிற்றின் நுனியைக் கையில் எடுத்து, குட்டி போகிற இடமெல்லாம் நீங்கள் போங்கள். கயிறு இறுகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அடுத்த நாள் இரண்டடி தள்ளி நின்று கூப்பிடுங்கள். வந்ததும் "சபாஷ்" என்று சொல்லிவிட்டுத் தீனி. எல்லா முறையும் ஒரே சொல், ஒரே குரல். சொல்லுக்கும் தீனிக்கும் நடுவே நேரம் போகக்கூடாது. மூன்று நொடி தாமதித்தால், அதற்குள் அது கவனித்த ஈக்குப் பரிசு கொடுத்தது போலாகிவிடும்.

தீனியை எங்கே கொடுக்கிறீர்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் குட்டி முன்னால் வந்து காலைத் தடுக்கும். கையைத் தொங்கவிட்டு, உங்கள் கால் ஓரத்தில், அதன் வாய் உயரத்தில் கொடுங்கள். எங்கே தீனி கிடைக்கிறதோ அங்கேதான் குட்டி நடக்கும். ஒரு அடி, பிறகு இரண்டு, பிறகு ஐந்து என்று கூட்டுங்கள். 3 நிமிடம் போதும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. வீட்டுக்குள் பத்தடி தொய்வாக நடந்தால் வாசல், வாசலில் நடந்தால் தெரு.

தீனி கொடுத்தே பழக்கினால், நாளைக்குத் தீனி இல்லாமல் நடக்குமா?

நடக்கும், கொடுக்கிற முறை சரியாக இருந்தால். தீனியை மூக்குக்கு முன் காட்டிக் காட்டி அழைத்துப்போனால் குட்டி உங்கள் கையை மட்டுமே பார்க்கக் கற்றுக்கொள்ளும். தீனி பையில் இருக்கட்டும். நல்லது செய்த பிறகு வெளியே வரட்டும். முதலில் ஒவ்வொரு தடவையும், பழகப் பழக மூன்றுக்கு ஒரு தடவை, பிறகு எப்போது வரும் என்று தெரியாதபடி.

அரைப் பட்டாணி அளவு போதும். அன்றைய சாப்பாட்டிலிருந்தே ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டால் வயிறும் கெடாது. தனியாகத் தின்பண்டம் கொடுத்தால், அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். போகப்போக மோப்பம் பிடிப்பதும் முன்னால் நடக்கக் கிடைப்பதுமே பரிசாக மாறிவிடும்.

கொஞ்ச தூரம் போனதும் உட்கார்ந்துகொள்கிறது. இழுத்தால் நான்கு காலையும் ஊன்றிக்கொள்கிறது. ஏன் இவ்வளவு பிடிவாதம்?

இது எனக்கு மிக அதிகமாக வருகிற கேள்வி. 'பிடிவாதம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குட்டியின் மேல் இரக்கம்தான் வருகிறது. ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் சாய்வது நாயின் உடம்பில் ஊறிய வழக்கம். உங்களை யாராவது திடீரென்று கையைப் பிடித்து இழுத்தால் நீங்களும் பின்னால்தான் சாய்வீர்கள். ஆகவே இழுக்க இழுக்க இன்னும் ஊன்றும். இழுப்பதை நிறுத்திவிட்டு, ஏன் நிற்கிறது என்று பாருங்கள்.

பெரும்பாலும் பயம். வால் கால்களுக்குள் போயிருக்கும், காது பின்னால் படிந்திருக்கும், தீனியைக்கூட வாங்காது. பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள், கயிற்றைத் தளர்த்துங்கள், ஒரு நிமிடம் சும்மா இருங்கள். அதுவாக ஒரு அடி எடுத்து வைத்தால் "சபாஷ்". வைக்கவில்லையென்றால் வந்த வழியே திரும்புங்கள், அதில் உங்களுக்குத் தோல்வி ஒன்றுமில்லை. என்னுடைய இரண்டாவது நாய் குட்டியாக இருந்தபோது தினமும் ஒரே வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்ளும். நாலு நாள் எனக்குக் காரணம் புரியவில்லை. ஐந்தாவது நாள் அதன் உயரத்துக்குக் குந்திப் பார்த்தேன். இரும்புக் கேட்டின் அடியில் ஒரு தகரம் காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. நின்றபோது என் காதில் விழாத சத்தம் அது. எதிர்ப்பக்கமாகத் தள்ளி நடந்து, நாளுக்குக் கொஞ்சம் நெருங்கி, இரண்டு வாரத்தில் அந்த வாசலைச் சாதாரணமாகக் கடந்தது.

தரைச் சூடும் ஒரு காரணம். உங்கள் புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லையென்றால் குட்டியின் பாதத்துக்கும் அது சூடுதான். சில குட்டிகள் வீட்டை விட்டுப் போகத்தான் மறுக்கும், திரும்பும்போது குதித்தோடும். அவற்றை முப்பது அடி தூக்கிப்போய் இறக்கிவிட்டு, வீட்டை நோக்கி நடத்துங்கள். தினமும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். இதுவரை நன்றாக நடந்த குட்டி திடீரென்று மறுத்தாலோ நொண்டினாலோ பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

என் கதை தலைகீழ். இழுத்துக்கொண்டே ஓடுகிறது, தோள் வலிக்கிறது. என்ன செய்ய?

நம் நடை குட்டிக்கு மிக மெதுவானது. இழுத்தது, நாம் பின்னால் போனோம், அது விரும்பிய மரம் வந்துவிட்டது. இழுத்தால் கிடைக்கும் என்று நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இந்தக் கணக்கை மாற்ற வேண்டும். கயிறு இறுகியதும் மரம் மாதிரி நின்றுவிடுங்கள். கையை இடுப்போடு சேர்த்து வையுங்கள், நீட்டிக்கொடுக்காதீர்கள். பேச வேண்டாம். குட்டி திரும்பிப் பார்த்தாலோ ஒரு அடி பின்னால் வந்தாலோ கயிறு தொய்யும். அந்த நொடியில் "சபாஷ்", தீனி கால் ஓரத்தில், அப்புறம் நடை. நிற்பதில் பலன் இல்லாத குட்டிகளுக்கு, இறுகுவதற்கு முன்னாலேயே அழைத்து எதிர்த்திசையில் திரும்பி நடங்கள்.

முதல் வாரம் 15 நிமிடத்தில் இருபது மீட்டர்தான் போவீர்கள். அதுதான் சரியான வேகம். அவசரமாக எங்காவது போக வேண்டிய நாளில் இந்த விதியை உடைக்காதீர்கள், குட்டியைத் தூக்கிக்கொள்ளுங்கள். தூக்க முடியாத எடை என்றால் ஹார்னஸில் இரண்டு வளையம் இருப்பதைப் பயன்படுத்துங்கள். மார்பு வளையத்தில் கோத்தால் பாடம், இழுக்கக்கூடாது. முதுகு வளையத்தில் கோத்தால் சும்மா போய் வருவது. குட்டிகள் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளும்.

ஒரு சுண்டு சுண்டினால் உடனே அடங்குகிறதே, அதில் என்ன தப்பு?

அடங்குவது வலியாலும் திடுக்கிடலாலும். அந்த வலியை அது எதோடு சேர்த்து வைக்கும் என்பது நம் கையில் இல்லை. என் முதல் நாயை நான் அப்படித்தான் பழக்கினேன். சைக்கிளைப் பார்த்துப் பாயும்போதெல்லாம் சுண்டினேன். சைக்கிள் வந்தால் கழுத்து வலிக்கும் என்று அது கற்றுக்கொண்டது. ஒரு வயதில் சைக்கிளைக் கண்டாலே உறுமும். அதை மாற்ற இரண்டு வருடம் பிடித்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கயிற்றைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

பால் பற்கள் 28ம் விழுந்து 42 பற்கள் முளைக்கிற காலம் இது. சுமார் 3 மாதத்தில் தொடங்கி 6, 7 மாதம் வரை போகும். ஈறு நமநமக்கும், எதையாவது கடிக்கத் தோன்றும். நீங்கள் பிடுங்கினால் அது கயிறு இழுக்கும் விளையாட்டாகிவிடும். கையை அசைக்காமல் கயிற்றைத் தளர்த்தி, கடிக்க ஒரு பொம்மையைக் கொடுங்கள். விட்டதும் நடை தொடரட்டும்.

நடையின் கடைசியில் மட்டும் கடிக்கிறது என்றால் களைப்புதான். இந்த வயதில் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல்கூடத் தூங்கும். தூக்கம் வந்த குழந்தை சிணுங்குவது போலத்தான் இதுவும். நாளை இன்னும் சீக்கிரம் திரும்புங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடத்தலாம்?

"ஒரு மாத வயதுக்கு 5 நிமிடம்" என்ற கணக்கு எல்லோர் வாயிலும் இருக்கிறது. மூன்று மாதக் குட்டிக்கு 15 நிமிடம். இதை அறிவியல் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மேல்வரம்பை நினைவில் வைக்க உதவும் குத்துமதிப்பு, அவ்வளவுதான். எலும்பு வளரும் முனைகள் சிறிய இனங்களில் ஒரு வயதுக்குள்ளும், பெரிய இனங்களில் ஒன்றரை வயது வாக்கிலும்தான் கெட்டியாகும். அதுவரை வலுக்கட்டாயமான ஓட்டமும் நீண்ட நடையும் வேண்டாம். தோட்டத்தில் தானாக ஓடிக் களைத்துப் படுப்பது வேறு, அதைத் தடுக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்க்கிறது. விடலாமா?

விடுங்கள். நாம் வேடிக்கை பார்ப்பது போல அது மோப்பம் பிடிக்கிறது. பத்தடி தொய்வாக நடந்தால் "போ" என்று சொல்லி மோந்து பார்க்க விடுங்கள். தீனியைவிடப் பெரிய பரிசு அது.

இடப்பக்கம்தான் நடக்க வேண்டுமாமே?

போட்டிகளுக்கான வழக்கம் அது. உங்களுக்கு வசதியான பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே வைத்துக்கொள்ளுங்கள். சாலை ஓரமாக நடக்கும்போது மட்டும் வண்டிக்கும் குட்டிக்கும் நடுவில் நீங்கள் இருங்கள்.

வெளியே அரை மணி நேரம் நடந்தும் ஒன்றும் போகாமல், வீட்டுக்குள் வந்ததும் போய்விடுகிறது. வேண்டுமென்றே செய்கிறதா?

இல்லை. குட்டி சிறுநீர் கழித்த உடனே நீங்கள் திரும்பிவிடுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். 'போனால் நடை முடிந்துவிடும்' என்று அது கற்றுக்கொண்டிருக்கும், அதனால் அடக்கிவைக்கிறது. வரிசையை மாற்றுங்கள். கிளம்பியதும் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். போனதும் பாராட்டு, அதற்குப் பிறகே நடை.

வேறு நாயைப் பார்த்தால் கத்திப் பாய்கிறது. ஒருமுறை அருகே விட்டுப் பழக்கலாமா?

கயிறு இறுகிய நிலையில் இரண்டு நாய்களை முகத்துக்கு முகம் விடாதீர்கள். நாய்கள் அறிமுகமாகும்போது வளைந்து வந்து பக்கவாட்டில் மோப்பம் பிடிக்கும். இறுகிய கயிறு அதைத் தடுத்து, நெஞ்சை நிமிர்த்தி நேராக முறைக்க வைத்துவிடும். எதிரே இருப்பது அதைச் சண்டைக்கு அழைப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு தூரத்தில் பார்த்தும் உங்கள் குட்டி தீனி வாங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். ஐம்பது அடி என்றால் ஐம்பது அடி. அங்கே நின்று, அது அந்த நாயைப் பார்த்ததும் தீனி கொடுங்கள். நாய் மறைந்ததும் தீனியும் நிற்கட்டும். வேறு நாய் வந்தால் நல்லது நடக்கும் என்று பதிந்த பிறகு, வாரக்கணக்கில் மெல்ல நெருங்கலாம். கயிறில்லாத நாய் உங்களை நோக்கி வந்தால் ஓடாதீர்கள். நடுவில் வண்டியோ சுவரோ இருக்குமாறு விலகி நடங்கள்.

நான் இழுக்க விடுவதில்லை. ஆனால் வீட்டில் மற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். என் உழைப்பு வீணா?

வீணில்லை, ஆனால் வேலை கடினமாகிறது. எப்போதுமே பலன் தராத பழக்கத்தை நாய் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது பலன் தருகிற பழக்கத்தைத்தான் விடாமல் முயன்று பார்க்கும். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து மரம் மாதிரி நிற்பதைச் செய்து காட்டுங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் முதுகு வளையத்தில் கோத்துக்கொண்டு போகட்டும்.

அழகாக நடந்துகொண்டிருந்தது. ஏழு மாதம் ஆனதும் எல்லாம் மறந்தது போல இழுக்கிறது. எங்கே தவறினேன்?

நீங்கள் தவறவில்லை, அதற்கு விடலைப் பருவம் வந்திருக்கிறது. இனத்தைப் பொறுத்து 6 மாதம் முதல் ஒன்றரை வயது வரை இது இருக்கும். முன்பு கவனிக்காத வாசனைகள் அதை இழுக்கும், பழகிய பொருளைக் கண்டுகூட திடீரென்று மிரளும். வீட்டுக்குள் செய்த முதல் பாடங்களுக்கே இரண்டு வாரம் திரும்புங்கள், தீனியையும் மறுபடி கூட்டுங்கள். முதல்முறை மாதக்கணக்கில் பிடித்தது இப்போது சீக்கிரமே திரும்பி வரும்.

பின்னால் சாய்ந்து ஹார்னஸிலிருந்து நழுவிவிட்டது. துரத்தினேன், இன்னும் வேகமாக ஓடியது. அடுத்த முறை என்ன செய்வது?

துரத்தினால் அதற்கு விளையாட்டு, மிரண்டிருந்தால் ஆபத்து. மனம் பதறினாலும் எதிர்த்திசையில் நாலு அடி ஓடுங்கள், மகிழ்ச்சியான குரலில் கூப்பிடுங்கள், முதுகைக் காட்டிக் குந்துங்கள். பெரும்பாலான குட்டிகள் பின்னால் வந்துவிடும். இதை வீட்டுக்குள் விளையாட்டாகத் தினமும் இரண்டு தடவை செய்து வைத்திருந்தால், தேவைப்படும் நாளில் கைகொடுக்கும்.

பட்டையின் அளவை இரண்டு விரல் கணக்கில் மறுபடி பாருங்கள். மிரளும் சுபாவம் உள்ள குட்டிக்கு, ஹார்னஸையும் கழுத்துப் பட்டையையும் இணைக்கும் ஒரு சிறு வாரைச் சேர்த்து மாட்டலாம். ஒன்று நழுவினாலும் மற்றது பிடிக்கும். ஓடிய குட்டி திரும்பி வந்ததும் முதலில் தீனி, பிறகு மெதுவாகப் பட்டை. எவ்வளவு பதறிப்போயிருந்தாலும் அப்போது திட்டாதீர்கள். வந்ததற்காகத் திட்டு வாங்கிய குட்டி, அடுத்த முறை கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொள்ளும்.